அர்மான் கான்சிடேர்

அர்மான் கபிரியேல் கான்சிடேர் (சூன் 8, 1841 – ஆகத்து 3, 1914) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கட்டுமானப் பொறியாளர் ஆவார். கற்காரைத் (காங்கிரீட்டு) தூண்களில் நெடுக்குக் கம்பிகளைச் சூழச் சுருள்கம்பி அமைக்கும் முறையைச் சோதனை வழியாக நிறுவியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

கிழக்குப் பிரான்சின் போர்-சூர்-சோன் என்னும் ஊரில் பிறந்தார். பாரிசில் பொறியியல் பயின்று, அரசின் பாலங்கள், சாலைகள் துறையில் சேர்ந்தார். நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பினிசுட்டேர் மாவட்டத்தில் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார். இழுக்கப்படும் எஃகுக் கம்பி எந்நிலையில் ஓரிடத்தில் மட்டும் மெலியத் தொடங்கும் என்பதை 1885இல் விளக்கினார். அந்நிபந்தனை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1889இல் பாரிசு மாநாடு ஒன்றில் 32 தூண்களின் சோதனை முடிவுகளை அளித்து, மீட்சி எல்லையைக் கடந்த தூண்களுக்கு ஆய்லரின் வாய்பாடு பொருந்தாது எனக் காட்டினார்.

இவர் கூறியவை எல்லாம் நிலைக்கவில்லை. கம்பியிட்ட கற்காரை, வெறும் கற்காரையைவிடப் பன்மடங்கு வெடிப்பின்றி நீளும் என்று 1899இல் அறிவித்தார். கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் மிக முன்னரே தோன்றிவிடுகின்றன என்பதைப் பிறர் பின்னர் கண்டறிந்தனர்.

சுருள்கம்பி

அக்காலத் தூண்களில் குறுக்குத் தகடுகளும் வளையங்களும் நெடுக்குக் கம்பிகள் வெளிப்புறம் வளையாமல் பிடிப்பதற்கே இடப்பட்டன. கான்சிடேர் அவற்றுக்கு வேறொரு வேலை உண்டு என்று கண்டார். தரையில் கொட்டிய மணல் மிதித்தால் பரவிவிடும்; அதே மணல் மூட்டைக்குள் இருந்தால் ஆளைத் தாங்கும். அழுத்தப்படும் கற்காரையும் பக்கவாட்டில் விரிய முயல்கிறது. நெருக்கமான சுருள் அதைத் தடுத்தால் உட்பகுதியின் வலிமை உயர்கிறது. இம்முறைக்கு 1901இல் காப்புரிமை பெற்று, 1902இல் முடிவுகளை வெளியிட்டார். சுருளாக இடப்படும் எஃகு, அதே அளவு நெடுக்குக் கம்பியைப் போல 2.4 மடங்கு பயன் தரும் என்பது இவரது கணக்கு. கற்காரை பற்றிய இவரது நூல் 1903இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மொழிபெயர்த்த லியோன் மொய்சீப், பிற்காலத்தில் இடிந்து விழுந்த டகோமா பாலத்தின் வடிவமைப்பில் பங்கு கொண்டவர்.

ஆயினும் இக்கூடுதல் வலிமை முழுமையாக வெளிப்படுவதற்குள் சுருளுக்கு வெளியேயுள்ள உறை உதிர்ந்துவிடும். ஆகவே சுருளின் உண்மையான பயன் தூண் முறியும் விதத்தில் உள்ளது. 1971 சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ மருத்துவமனையின் சுருள் தூண்கள் பெரிதும் சாய்ந்தும் சுமையைத் தாங்கி நின்றன. அதே கட்டடத்தில் அகன்ற இடைவெளியில் வளையமிட்ட மூலைத் தூண்கள் நொறுங்கின.

இந்திய வழக்கு

இந்தியத் தர விதி 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, போதிய சுருள்கம்பி உள்ள தூணுக்கு 5 விழுக்காடு மட்டுமே கூடுதல் வலிமை அளித்தது. சுருளின் இடைவெளி 75 மில்லிமீட்டரையோ உட்பகுதி விட்டத்தின் ஆறில் ஒரு பங்கையோ மிஞ்சலாகாது. இவ்வளவு சிறிய பலனுக்கு இத்தனை வேலை என்பதாலும், சதுரத் தூணே சுவரோடு பொருந்துவதாலும் வீடுகளில் வளையமே வழக்கமாயிற்று. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டையில் கம்பி கட்டுவோரின் "ரிங்" இதுவே. இதன் இடைவெளி தூணின் சிறிய பக்கம், மிகச் சிறிய நெடுக்குக் கம்பி விட்டத்தின் 16 மடங்கு, 300 மில்லிமீட்டர் ஆகிய மூன்றில் குறைந்ததை மிஞ்சக்கூடாது. 12 மில்லிமீட்டர் கம்பியிட்ட 230 மில்லிமீட்டர் சதுரத் தூணுக்கு இது 192 மில்லிமீட்டர் ஆகும். நிலநடுக்கத்திற்கான 13920ஆம் விதி, தூணின் இரு முனைகளிலும் இன்னும் நெருக்கமான வளையங்களைக் கோருவதுடன், கொக்கியை 135 பாகை உள்நோக்கி வளைக்கவும் சொல்கிறது. 90 பாகையில் நிறுத்திய கொக்கி, உறை உதிர்ந்தவுடன் திறந்துகொள்ளும்.

இறுதிக் காலம்

பிரான்சின் 1906ஆம் ஆண்டுக் கற்காரை விதிகளை உருவாக்கிய குழுவில் கான்சிடேர் பங்கேற்றார். பின்னர் பாரிசில் ஆலோசனை நிறுவனம் நடத்தினார். புகழ்பெற்ற பொறியாளர் ஆல்பேர் காக்கோ அங்குதான் இவருடன் பணிபுரிந்தார். செருமனி பிரான்சின் மீது போர் அறிவித்த அதே நாளில் பாரிசில் காலமானார்.