வேகத்துக்குக் கடிவாளம் போட்ட ரால்ஃப் டீட்டர்

நெய்வேலிக்காரர்களிடம் 'கவர்னர்' என்று சொன்னால் பாதிப் பேருக்கு ராஜ்பவன் நினைவுக்கு வரும். மீதிப் பேருக்கு டர்பைன் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை இரண்டாவது கவர்னரைப் பற்றியது. அதைக் காருக்குள் கொண்டுவந்து வைத்த ஒரு மனிதரைப் பற்றியது.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிடைக்கும். வெளியே லோடு ஏறினால் சுற்று இறங்கப் பார்க்கும். உடனே நீராவியைக் கூட்ட வேண்டும். லோடு குறைந்தால் சுற்று எகிறப் பார்க்கும். நீராவியைக் குறைக்க வேண்டும். இதற்கு ஆள் வைத்துக் கட்டுப்படியாகுமா? கவர்னர் பார்த்துக்கொள்கிறது. 1962-ல் ஓடத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-ல் ஓய்வு பெற்ற நம் முதல் அனல் மின் நிலையத்திலும் இதே தத்துவம்தான்.

இன்றைக்கு இந்தச் சந்திப்புக்கு வரும் பழைய மாணவர்களில் பலருடைய கார் ஸ்டியரிங்கில் 'க்ரூஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதுவும் கவர்னர்தான். நீராவிக்குப் பதில் பெட்ரோல், டீசல், அவ்வளவுதான் வித்தியாசம். மேடு வந்தாலும் பள்ளம் வந்தாலும், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலேயே வண்டி வைத்த வேகத்தில் போகிறது. இதை உருவாக்கியவர் யார் தெரியுமா? கார் ஓட்டவே முடியாத ஒருவர். ஐந்து வயதிலேயே கண் பார்வையை இழந்த ரால்ஃப் டீட்டர்.

கத்தி பறித்த பார்வை

ரால்ஃப் 1890 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் கையில் வைத்திருந்த கத்தி தவறி ஒரு கண்ணில் பட்டது. அத்தோடு போகவில்லை. ஒரு கண்ணில் பட்ட காயம் மறு கண்ணையும் பாதிப்பது உண்டு. ஓராண்டுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது.

பெற்றோர் செய்த நல்ல காரியம், பையனைப் பார்வையற்றவன் என்று ஒதுக்கி வைத்து வளர்க்காததுதான். மற்றப் பிள்ளைகள் என்ன செய்தார்களோ அதை அவனும் செய்தான். குடும்பத் தொழிலும் அதற்கு ஏற்றதாக அமைந்தது. அவருடைய சித்தப்பா பெரியப்பாமார்கள் ரயில் தண்டவாளத்தைச் சோதிக்கும் சிறு வண்டிகளைச் செய்து விற்றவர்கள். பிறகு எஞ்சின் தயாரித்தார்கள். இரும்பும் எண்ணெயும் மணக்கிற சூழ்நிலை. இரும்பைத் தொட்டே இன்ன பாகம், இன்ன அளவு, எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு அவனுடைய விரல்கள் பழகிவிட்டன. 1902-ல், பன்னிரண்டு வயதில், உறவுக்காரப் பையனோடு சேர்ந்து பெட்ரோல் எஞ்சின் வைத்த ஒரு காரையே கட்டிவிட்டான்! அன்றைக்கு அமெரிக்காவிலேயே கார் என்பது அபூர்வமான பொருள்.

அடுத்து எஞ்சினியரிங் படிக்க ஆசை. பார்வையில்லாதவருக்கு எஞ்சினியரிங் கல்லூரியில் என்ன வேலை என்று உலகம் கேட்ட காலம் அது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒன்றுவிட்ட சகோதரி துணை நின்றார். ரால்ஃப் அங்கே சேர்ந்தார். படம் பார்க்க முடியாது, கரும்பலகை தெரியாது. மற்றவர் வாசிக்கக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டே படித்து, 1912-ல் மெக்கானிக்கல் எஞ்சினியராக வெளியே வந்தார். நம் மாணவத் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

டர்பைன் ரோட்டரைத் தொட்ட விரல்கள்

முதல் உலகப் போர் சமயம் டீட்டர் செய்த வேலை நம் ஊர்க்காரர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். கேம்டன் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு நாசகாரிக் கப்பல்கள் தயாராகிக்கொண்டிருந்தன. அவற்றை ஓட்டுவது நீராவி டர்பைன். அந்த ரோட்டர்களைப் பேலன்ஸ் செய்வது பெரிய தலைவலியாக இருந்தது. ரோட்டரில் ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடினாலும் சுழலும்போது அதிரும்; பேரிங் அடி வாங்கும். ஓவர்ஹால் சமயத்தில் பவர் ஹவுஸ் ஆட்கள் இதற்காக எத்தனை ராத்திரி கண் விழிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும்.

கண் உள்ளவர்கள் திணறிய இந்த வேலைக்கு டீட்டர் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார். அதிர்வைத் தொட்டு அறிகிற விரலும், அது எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடுகிற மனதும் அவரிடம் இருந்தன. வேறென்ன வேண்டும்?

போர் முடிந்ததும் ஊர் திரும்பிக் குடும்பத் தொழிலில் சேர்ந்தார். அந்தக் கம்பெனி பிஸ்டன் ரிங் தயாரிப்பில் இறங்கி, 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்' என்ற பெயரில் புகழ் பெற்றது. டீட்டர் அதன் எஞ்சினியரிங் பிரிவை நடத்தி, 1946-லிருந்து தலைவராகவும் இருந்தார். அதற்கு முன்பே, 1936-ல், அமெரிக்க ஆட்டோமொபைல் எஞ்சினியர்கள் சங்கத்துக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கார் ஓட்டத் தெரிந்த ஆயிரக்கணக்கான எஞ்சினியர்களுக்குக் கார் ஓட்ட முடியாதவர் தலைவர்!

வக்கீலின் கால்

டீட்டர் எங்கே போனாலும் வேறொருவர் வண்டியில்தான் போக வேண்டும். அடிக்கடி கூட வருபவர் அவருடைய பேடன்ட் வக்கீல். இந்த வக்கீலிடம் ஒரு பழக்கம். தான் பேசும்போது காலைத் தளர்த்திவிடுவார், வண்டி மெதுவாகும். எதிராளி பேசும்போது காலை அழுத்துவார், வண்டி பறக்கும். கண் உள்ள பயணி வேடிக்கை பார்த்துக்கொண்டே போயிருப்பார். டீட்டருக்கோ ஒவ்வொரு குலுக்கலும் உடம்பில் தெரிந்தது. மனிதக் காலை நம்பினால் வேகம் நிலையாக நிற்காது என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது என்று சொல்வார்கள்.

காலமும் அதற்கு ஒத்துழைத்தது. இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. நம் தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டங்கள்தான். டயருக்கு ரப்பர் கிடைக்காமல் அமெரிக்காவே தவித்தது. டயரும் பெட்ரோலும் மிச்சமாகட்டும் என்று நாடு முழுவதும் மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. வேகத்தைக் கட்டும் கருவி ஒன்று இருந்தால் நாட்டுக்கே உபயோகம்.

வண்டியில் கவர்னர் வைப்பது டீட்டருக்கு முன்பே சிலர் முயன்ற யோசனைதான். காலால் அழுத்துகிற பெடலோடு அதைப் பொருத்தி, சாதாரண டிரைவர் நம்பிப் பயன்படுத்தும்படி ஆக்கியதுதான் அவருடைய சாதனை. 1950-ல் அவருக்குப் பேடன்ட் கிடைத்தது. அதற்குப் பிறகும் எட்டு வருஷம். 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் உயர்ரகக் கார்களில் முதன்முதலாக அதை விற்பனைக்கு வைத்தது. 'க்ரூஸ் கன்ட்ரோல்' என்பது காடிலாக் கம்பெனி வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பெட்ரோலை மிச்சப்படுத்த உதவும் என்று ஜனங்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

அது வேலை செய்யும் விதம்

எஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டிலிருந்து ஒரு சுழற்சியை எடுத்துக்கொண்டார் டீட்டர். அந்தச் சுழற்சியில் இரண்டு சிறு எடைகள் சுற்றும். வேகம் கூடக்கூட அவை வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். ஒரு ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும். டாஷ்போர்டில் உள்ள திருகைத் திருப்பினால் ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறும். அதுதான் நாம் வைக்கும் வேகம். எடைகள் ஸ்பிரிங்கை ஜெயித்த உடனே, வேக்குவத்தால் இயங்கும் ஒரு பிஸ்டன் பெடலை எதிர்த்துத் தள்ளும். டிரைவரின் பாதத்துக்கு, போதும்பா என்று சொல்கிற மாதிரி ஒரு தள்ளல். தொட்டு உணர்ந்தே வாழ்ந்தவர், எச்சரிக்கையையும் பாதத்தில் தொட்டுத்தான் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

பின்னால் வேகத்தை அப்படியே பூட்டி வைக்கும் வசதியும் சேர்ந்தது. பிரேக்கை லேசாகத் தொட்டால் பூட்டு விலகிவிடும். இன்றும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில்

இந்தக் கருவி எதை அறிகிறது என்பதை இப்போது கவனியுங்கள். ஷாஃப்ட் எவ்வளவு சுற்றுகிறது, அவ்வளவுதான். சாலை அதற்குத் தெரியாது. ஈரமா, சேறா, வளைவா, எதிரே மாடு நிற்கிறதா என்பது எதுவும் தெரியாது. காய்ந்த சாலையில் சக்கரச் சுற்றும் வண்டி வேகமும் ஒன்றாகப் போகும். வழுக்கும் சாலையில் இரண்டும் பிரிந்துவிடும்.

சுரங்கத்துச் சேற்றில் ஃபோர் வீல் ஜீப் ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். நாலு சக்கரமும் இழுப்பதால் வழுக்கல் லேசில் வராது. வண்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போவது போலவே இருக்கும். ஆபத்து அங்கேதான். இழுவைக்குத்தான் நாலு சக்கரம். பிரேக் போடும்போது ஃபோர் வீல் வண்டியும் மற்ற வண்டியைப் போல நாலு டயரை நம்பித்தான் நிற்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் பண்ருட்டியிலிருந்து வடலூர் பக்கம் வருகிறோம். ரோட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தண்ணீர் டயரைப் பிடித்து இழுக்கிறது, வேகம் இறங்குகிறது. நாமாக இருந்தால் காலை எடுத்துவிடுவோம். க்ரூஸ் என்ன செய்யும்? வேகம் குறைகிறதே என்று எஞ்சினை இன்னும் முடுக்கும்! தண்ணீர் மேல் டயர் மிதக்கும் நேரத்தில் சக்தி கூடினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போதைய வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி உணர்கருவி உண்டு. சக்கரம் வழுக்கி, அதைத் தடுக்கும் ஏற்பாடு வேலை செய்தால், பெரும்பாலானவற்றில் க்ரூஸ் தானே விலகிவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸை 'லோ' ரேஞ்சில் போட்டாலும் பல வண்டிகளில் க்ரூஸ் வேலை செய்யாது. அதைக் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். லோ ரேஞ்ச் என்பது சேற்றிலும் செங்குத்து மேட்டிலும் அடி அடியாக நகர்வதற்கு. அங்கே ஒவ்வொரு நொடியும் டிரைவரின் கண்ணும் காலும்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. ஊட்டி, ஏற்காடு போகிறவர்கள் மலை இறக்கத்தில் சாதாரண க்ரூஸை நம்பக்கூடாது. அதனால் எஞ்சினைக் குறைக்க முடியுமே தவிர, பல வண்டிகளில் பிரேக் போடத் தெரியாது. இறக்கத்தில் பிரேக் பிடித்து மெதுவாக இறக்கும் 'ஹில் டிசென்ட் கன்ட்ரோல்' என்பது வேறு ஏற்பாடு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுருக்கமாகச் சொன்னால், காய்ந்த, நேரான, நெரிசல் இல்லாத நால்வழிச் சாலையில் போடுங்கள். மழை, சேறு, மலைப்பாதை, ஊர் நடுவே என்றால் அணைத்துவிடுங்கள்.

அவர் விட்டுச் சென்றது

டீட்டர் 1982 பிப்ரவரி 15 அன்று, 91 வயதில் காலமானார். 1988-ல் அமெரிக்க ஆட்டோமொபைல் துறையின் புகழ்க் கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. புல்வெட்டும் இயந்திரம், பூட்டு, தூண்டில் கழியைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி என்று வேறு பலவற்றிலும் அவருடைய கை பட்டிருக்கிறது. அத்தனைக்கும் வரைபடத்தை மனதுக்குள்ளேயே போட்டவர்.

கண் இல்லாமலே சாதித்தார் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். அதைவிடப் பெரிய பாடம் ஒன்று அவர் வாழ்க்கையில் இருக்கிறது. தன் விரலுக்கு என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியும். என்ன தெரியாது என்பதும் தெரியும். தெரியாத இடத்தில் சகோதரி வாசித்தார், நண்பர் வண்டி ஓட்டினார். அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் செய்த கருவிக்கு அந்த அறிவு கிடையாது. தனக்குத் தெரியாத ரோட்டிலும் அது தயங்காமல் முடுக்கும். அந்தக் குறையை நிரப்பத்தான் டிரைவர் சீட்டில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆர்ச் கேட்டைத் தாண்டி ஊருக்குள் வரும் நண்பர்கள் அனைவரும் பத்திரமாக வந்து, பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். போகும் வழியில் மழை பிடித்தால், தயவு செய்து அந்தப் பட்டனை அணைத்துவிட்டுக் காலை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.