ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாங்கு

பாரிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீற்றரில், எங்கட பிள்ளைகள் ஆசைப்பட்டுப் போகும் டிஸ்னிலாண்டுக்குப் பக்கத்தில், கூவ்றே என்றொரு ஊர் இருக்கிறது. 1809 தை 4 ஆம் திகதி லூயி பிறெயில் பிறந்தது அங்கேதான். தகப்பனார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் தகப்பனின் பட்டறையில் கூரான ஆயுதமொன்றை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் குத்திவிட்டது. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதில் இரண்டு பார்வையும் போய்விட்டது.

பார்வையில்லாதவனுக்குப் பிச்சைதான் கதி என்றிருந்த காலம் அது. பெற்றோர் அப்படி விடவில்லை. தகப்பனார் தடி செய்து கொடுத்து நடக்கப் பழக்கினார். ஊர்ப் பாதிரியார் முன்னின்று, அவனை மற்றப் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார். காதால் கேட்டே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தான். ஆனால் மற்றவர்கள் புத்தகத்தை விரித்தால் இவன் சும்மா இருக்க வேண்டியதுதான். இருக்க வாங்கு கிடைத்தது, படிக்க வழி கிடைக்கவில்லை.

1819 இல், பத்து வயதில், பாரிஸில் பார்வையற்றோர் பள்ளிக்குப் போனான். அங்கே பெரிய புடைப்பெழுத்துப் புத்தகங்கள் இருந்தன. வாசிக்கக் கனநேரம் பிடிக்கும், அந்த முறையில் எழுதவோ முடியாது. 1821 இல் பார்பியே என்ற இராணுவ அதிகாரி 12 புள்ளி முறையொன்றைக் கொண்டுவந்தார். லூயி அதை ஒரு விரல் நுனிக்குள் அடங்கும் 6 புள்ளியாகச் சுருக்கினான். அப்போது வயது 15 தான். 1829 இல் அது நூலாக வந்தது.

பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார். ஆனாலும் 1840களில் நிர்வாகம் அவருடைய முறையைத் தடுத்தது. மாணவர்கள் ஒளித்து ஒளித்துப் பாவித்தார்கள். 1852 தை 6 இல் காசநோயால் அவர் இறந்து, இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் அந்தப் பள்ளி அதை முறைப்படி ஏற்றது. இன்று தமிழும் அந்த ஆறு புள்ளியில்தான் எழுதப்படுகிறது.

அன்பான பெற்றோரே, பிரான்சில் 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைபாடுள்ள பிள்ளையையும் வீட்டுக்குக் கிட்டவுள்ள பள்ளியில் பதிய உரிமையுண்டு. வகுப்பில் கூட இருக்க உதவியாளரையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. சனம் என்ன சொல்லும் என்று பிள்ளையை வீட்டுக்குள் மறைக்காதேங்கோ. வாங்கையும் கேளுங்கோ, அந்தப் பிள்ளை படிக்கிற வழியையும் சேர்த்துக் கேளுங்கோ.