தியோடார் ரூஸ்வெல்ட்: சொல்லால் எழுந்தவர், சொல்லால் பிரிந்தவர்

அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவர்களுள் ரூஸ்வெல்ட் என்னும் பெயர் தாங்கியோர் இருவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆட்சி புரிந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் பயின்றிருப்பர். அவருக்குத் தூரத்து உறவினரான மற்றொருவர் தியோடார் ரூஸ்வெல்ட். 1901 முதல் 1909 வரை அந்நாட்டை ஆண்டவர். அவரது வீரத்தையும் வேட்டையையும் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஒரு தமிழாசிரியனின் கண்ணுக்கு அவரிடம் முதலில் படுவது வேறொன்று. அரசியலில் வழங்கும் சொற்களுக்காக அவரைப்போல் ஓயாது வழக்காடிய தலைவர்கள் மிகச் சிலரே. அவ்வழக்குகளுள் பெரியது 1912ஆம் ஆண்டில் தம் சொந்தக் கட்சியின் ஆட்சித் தலைவரை எதிர்த்து, தாமே பதவியில் அமர்த்திய நண்பரை எதிர்த்து, அவர் தொடுத்தது.

1858 அக்டோபர் 27ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடும்பமொன்றில் ரூஸ்வெல்ட் பிறந்தார். இளமையில் மூச்சிரைப்பு நோய் அவரை வாட்டியது. உடற்பயிற்சியால் அதை எதிர்த்து நின்றார். ஹார்வர்டில் பட்டம் பெற்று, இருபத்து மூன்று வயதிலேயே நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் நுழைந்தார். 1884 பிப்ரவரி 14ஆம் நாள் ஒரே வீட்டில் அவருடைய அன்னையும் இளம் மனைவியும் சில மணி நேர இடைவெளியில் உயிர் நீத்தனர். துயரம் தாளாது மேற்கே டகோட்டாவின் புல்வெளிகளுக்குச் சென்று மாடு வளர்த்தார். மீண்டு வந்தபின் நகரக் காவல் துறை ஆணையர், கடற்படைத் துணைச் செயலர், நியூயார்க் மாநில ஆளுநர் எனப் படிப்படியாக உயர்ந்து, 1901இல் துணைத் தலைவரானார். அவ்வாண்டு செப்டம்பரில் தலைவர் மெக்கின்லி பஃபலோ நகரில் சுடப்பட்டு இறக்கவே, நாற்பத்திரண்டு வயதில் ஆட்சித் தலைமை அவரிடம் வந்து சேர்ந்தது.

அவரது ஆட்சியை விரிப்பின் பெருகும். சொல் தொடர்பான இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் இங்குக் குறிப்பிடலாம். 1906இல், அரசியல் ஊழல்களையும் பெருநிறுவனங்களின் முறைகேடுகளையும் தொடர்ந்து அம்பலப்படுத்திய பத்திரிகையாளர்களுக்கு அவர் ஒரு பெயரிட்டார். பனியனின் ஆங்கில நூலில் வரும் ஒரு மாந்தன் கையில் குப்பை வாரும் கோலோடு எப்போதும் கீழே நோக்கியவாறே நிற்பான். தலைக்கு மேலே நீட்டப்பட்ட மணிமுடியைக் காணமாட்டான். அக்குப்பைவாரியின் பெயரையே பத்திரிகையாளர்க்குச் சூட்டினார். எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்திற்கு முதல்நூலாகிய அதே நூல்தான் இது என்பது தமிழ் மாணவர்க்குச் சுவை தரும் செய்தி. ரூஸ்வெல்ட் இழிபெயராக வழங்கியதைப் பத்திரிகையாளர்கள் பின்னாளில் விருதுப்பெயராகவே ஏற்றுக் கொண்டனர். சொல்லைப் பிறப்பித்தவர் அதன் பொருளைக் கட்டுப்படுத்த இயலாது போயிற்று.

அதே ஆண்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலை எளிமையாக்க எண்ணி, ஏறத்தாழ முந்நூறு சொற்களைப் புதிய வடிவில் அச்சிடுமாறு அரசு அச்சகத்திற்கு ஆணையிட்டார். நாடெங்கும் நகைப்பு எழுந்தது. நாடாளுமன்றம் மறுத்தது. சில மாதங்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் அரசாணையாகி நம் பாடநூல்களில் நிலைபெற்றதை நினைக்கும்போது, மொழியில் எது நிற்கும் எது நில்லாது என்பதை முன்கூட்டிக் கூறல் அரிது என்றே தோன்றுகிறது.

1904இல் பெருவெற்றி பெற்ற இரவிலேயே, மீண்டும் வேட்பாளராக நிற்கப் போவதில்லை என்று அவர் அறிவித்தார். எண்ணாது கூறிய அச்சொல் பிற்காலத்தில் அவரைத் துரத்தியது. தம் அமைச்சரும் உற்ற நண்பருமான வில்லியம் ஹோவர்ட் டாஃப்டை வாரிசாகத் தேர்ந்து, 1908இல் கட்சி மாநாட்டில் அவரையே வேட்பாளராக்கினார். அதன்பின் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்றார்.

திரும்பும் வழியில், 1910 மார்ச் மாதம், கெய்ரோ பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையை நாம் மறந்துவிடலாகாது. எகிப்தியப் பிரதமர் பூத்ரோஸ் காலி சில வாரங்களுக்கு முன்னரே கொலையுண்டிருந்தார். அக்கொலையைக் கண்டித்தது முறையே. ஆனால் தன்னாட்சிக்கு ஒரு மக்கள் தகுதி பெறுவது பல தலைமுறைகளின் வேலை என்று ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட ஒரு நாட்டு இளைஞர்களிடம் அறிவுறுத்தினார். எகிப்திய தேசியவாதிகள் கொதித்தெழுந்தனர். அதற்கு ஓராண்டு முன்னர் வாஷிங்டனில் பேசியபோது இந்தியாவில் நடந்த ஆங்கிலேயர் ஆட்சியையும் அவர் போற்றியிருந்தார். மக்களாட்சி என்னும் சொல்லை அடுத்த ஈராண்டில் அவர் எவ்வளவு உரக்க ஒலித்தார் என்பதைப் படிக்கும்போது, கெய்ரோவில் அச்சொல்லுக்கு அவர் இட்ட எல்லையையும் அருகே வைத்தே படிக்க வேண்டும்.

தாயகம் திரும்பியவர் கண்டது பிளவுபட்ட குடியரசுக் கட்சியை. சீர்திருத்தம் விரும்பியோர் தம்மை முற்போக்காளர் என்றனர். டாஃப்ட் பழமைவாதிகளோடு சாய்ந்துவிட்டார் என்று அவர்கள் குறைப்பட்டனர். உண்மையில் பெருநிறுவனங்கள் மீது வழக்குத் தொடுப்பதில் டாஃப்ட் சளைத்தவரல்லர். 1911 அக்டோபரில் எஃகு நிறுவனத்தின் மீது அவரது அரசு தொடுத்த வழக்கு, 1907இல் ரூஸ்வெல்ட் தந்த இசைவையே கேள்விக்கு உள்ளாக்கியது. நட்பு முறிந்தது அங்கேதான் என்பர். கொள்கை வேறுபாட்டைவிடத் தன்மதிப்பில் பட்ட காயமே பெரிதாக இருந்திருக்கும் என்பது என் துணிபு.

இவ்விடத்தில் முதனிலைத் தேர்தல் என்னும் அமைப்பை விளக்குதல் தேவை. நம் நாட்டில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடும். தொண்டர்கள் தலைமையகத்தின் வாயிலில் காத்திருப்பர். அமெரிக்காவிலும் முன்பு அவ்வாறே சில கட்சிப் பெரியவர்கள் அறைக்குள் அமர்ந்து வேட்பாளரை முடிவு செய்தனர். அதை மாற்றி, கட்சியின் வாக்காளர்களே வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையே முதனிலைத் தேர்தல். அவர்கள் வழக்கில் பிரைமரி. விஸ்கான்சின் மாநில ஆளுநராயிருந்த ராபர்ட் லா ஃபாலெட் பல்லாண்டு போராடி அம்மாநிலத்தில் இதற்குச் சட்டம் கண்டார். 1904இல் மக்கள் வாக்கெடுப்பில் அது உறுதியாயிற்று. டாஃப்டை எதிர்த்து முதலில் களம் இறங்கியவரும் அவரே. 1912 பிப்ரவரி 2ஆம் நாள் பிலடெல்பியாவில் பத்திரிகை வெளியீட்டாளர் விருந்தொன்றில், சோர்வுற்ற நிலையில், நெடுநேரம் நிலைதடுமாறிப் பேசினார். ஆதரவாளர் பலர் ரூஸ்வெல்ட் பக்கம் சாய அந்த ஓர் உரை போதுமான சாக்காயிற்று. வயலை உழுதவர் ஒருவர், அறுவடைக்கு வந்தவர் வேறொருவர்.

1904இல் கூறிய வாக்குறுதி என்னாயிற்று என்று பலரும் வினவினர். காலையில் இன்னொரு கோப்பைக் காப்பி வேண்டாம் என்பவன் இனி வாழ்நாளில் காப்பியே அருந்தமாட்டான் என்று பொருளாகுமா என்னும் கருத்தில் அவர் விடையளித்தார். தொடர்ச்சியான மூன்றாம் முறையைத்தான் மறுத்தாராம். சமத்காரமான விடைதான். ஆயினும் கேட்டவர் அனைவரையும் அது நிறைவு செய்யவில்லை.

அவரது வழக்கில் உள்ளீடு இல்லாமல் இல்லை. இளம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது, ஏழைகள் தம் ஒடுங்கிய குடியிருப்பு அறைகளிலேயே சுருட்டுச் செய்து வாழும் அவலத்தை நேரில் கண்டு, அதைத் தடுக்கும் சட்டத்தை அவர் ஆதரித்தார். 1885இல் மாநில நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. அந்தத் தழும்பு ஆறவேயில்லை. 1912 பிப்ரவரி 21இல் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பேசுகையில், இத்தகைய தீர்ப்புகளை மாற்றும் உரிமை வாக்காளர்க்கு வேண்டும் என்றார். முன்னாள் நீதிபதியான டாஃப்டுக்கு இது சட்டத்தின் அடித்தளத்தையே பெயர்ப்பதாகப் பட்டது. மக்களே ஆள வேண்டும் என்றார் ஒருவர். பெரும்பான்மையின் சினத்திலிருந்து சிறுபான்மையைக் காப்பதற்கே நீதிமன்றம் என்றார் மற்றவர். சிறுபான்மைச் சமுதாயத்தில் பிறந்து அரசியலமைப்பின் காப்பை நாடி வாழும் நமக்கு இவ்வழக்கில் டாஃப்டின் தரப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. சுருட்டுச் செய்த ஏழைகளை எண்ணினால் ரூஸ்வெல்ட்டையும் தள்ள இயலாது.

முதனிலைத் தேர்தலை ரூஸ்வெல்ட் முழுமனத்தோடு பற்றிக்கொண்டதும் கட்சி அமைப்பு டாஃப்டின் கையில் இருந்ததைக் கண்டபின்னரே. இல்லினாய், மாசசூசெட்ஸ் முதலிய மாநிலங்கள் அவ்வாண்டிலேயே விரைந்து சட்டமியற்றின. மார்ச் முதல் ஜூன் வரை நடந்த அத்தேர்தல்களில் சொற்கள் வரம்பு கடந்தன. பதவியில் இருக்கும் தலைவரை மூளை மந்தமானவர் என்று ரூஸ்வெல்ட் ஏசினார். தன்முனைப்பு மிக்கவர், மக்களை மயக்கிப் பேசுபவர் என்று டாஃப்ட் திருப்பியடித்தார். ஏப்ரல் 25இல் பாஸ்டனில் முதன்முறையாக நண்பரை நேருக்கு நேர் தாக்கிப் பேசிய டாஃப்ட், அதன்பின் தம் புகைவண்டிப் பெட்டியில் தனியே தலைகவிழ்ந்து அமர்ந்திருந்ததையும், தம் மிக நெருங்கிய நண்பர் அவர் என்று கூறி அழுததையும் செய்தியாளர் ஒருவர் பதிவு செய்துள்ளார்.

ரூஸ்வெல்ட் ஒன்பது மாநிலங்களை வென்றார். டாஃப்டின் சொந்த மாநிலமாகிய ஒஹையோவும் அவற்றுள் ஒன்று. அவர் பெற்றவை பதினொரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள். டாஃப்ட் பெற்றவை ஏறத்தாழ எட்டு இலட்சம். எனினும் பெரும்பாலான மாநிலங்களில் இம்முறை இல்லை. பேராளர்களைக் கட்சி அமைப்பே அனுப்பியது. ஜூன் மாதம் சிகாகோ மாநாட்டில் 254 பேராளர் இடங்கள் குறித்து வழக்கு எழுந்தது. 235 இடங்கள் டாஃப்டுக்கும் 19 இடங்கள் ரூஸ்வெல்ட்டுக்கும் வழங்கப்பட்டன. முடிவில் டாஃப்ட் 561 வாக்குகளோடு வேட்பாளரானார். ரூஸ்வெல்ட்டின் பேராளர் 344 பேர் வாக்களிக்க மறுத்தனர். திருட்டு என்பதே ரூஸ்வெல்ட்டின் முழக்கம். அவர் தரப்பு முறையீடுகள் பலவும் வலுவற்றவை எனப் பிற்கால வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். கட்சிக்கு வாக்கே இல்லாத தென்மாநிலங்களிலிருந்து அரசு ஊழியம் பெற்றவர்களைப் பேராளராகத் திரட்டும் அந்த முறையை 1908இல் டாஃப்டுக்காகப் பயன்படுத்தியவரும் ரூஸ்வெல்ட்டே.

ஆகஸ்டில் முற்போக்குக் கட்சி என்னும் புதுக்கட்சி பிறந்தது. அதுவரை இரு கட்சியினருக்கும் பொதுவாக இருந்த சொல் இப்போது ஒரு கொடிக்குரிய பெயராயிற்று. பெண்களுக்கு வாக்குரிமை, குழந்தைத் தொழில் ஒழிப்பு ஆகியவற்றை அக்கட்சி ஏற்றது. அதே மாநாட்டில் தென்மாநிலக் கறுப்பினப் பேராளர்க்கு இடம் மறுக்கப்பட்டது. அவர்களுக்கு முற்போக்கு என்னும் சொல் எப்படி ஒலித்திருக்கும்!

அக்டோபர் 14ஆம் நாள் மில்வாக்கியில் ஒருவன் அவரை மார்பில் சுட்டான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்க உரையும் கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைத் தணித்தன. குருதி கசியக் கசிய ஒன்றரை மணி நேரம் போலப் பேசிவிட்டே மருத்துவமனைக்குச் சென்றார். நவம்பரில் மக்களாட்சிக் கட்சியின் வுட்ரோ வில்சன் 435 தேர்வாளர் வாக்குகளோடு வென்றார். ரூஸ்வெல்ட்டுக்கு 88. பதவியில் இருந்த டாஃப்டுக்கு எட்டே எட்டு.

அவ்வாண்டுப் பூசலின் எச்சமாக ஒரு நீதிமன்ற வழக்கும் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் சிற்றூர்ப் பத்திரிகை ஒன்று, அவர் பொய்யர், குடிப்பவர் என்று எழுதியது. 1913 மே மாதம் மார்க்கெட் நகர நீதிமன்றத்தில் தம் நண்பர் பலரையும் சாட்சிகளாக நிறுத்தினார். பத்திரிகை ஆசிரியர் தம் கூற்றைத் திரும்பப் பெற்றார். பணம் தமக்கு நோக்கமன்று எனக் கூறி, ஆறு சென்ட் மட்டுமே இழப்பீடாகப் பெற்றார் ரூஸ்வெல்ட். பிறரை அவ்வளவு கடுஞ்சொல் கூறியவர் தம்மீது விழுந்த சொல்லை எத்துணை நுட்பமாக நிறுத்துப் பார்த்தார் என்பது வியப்பே.

முதல் உலகப் போர்க்காலத்தில் பிறநாட்டு மரபுப் பெயரைத் தம் பெயரோடு இணைத்து வழங்கும் குடிமக்களை அவர் கடிந்து பேசியது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. ஆனால் 1918 மே மாதம், ஆட்சித் தலைவரைக் குறைகூறுவதையே குற்றமாக்கும் சட்டம் உருவானபோது, தலைவரை விமர்சிப்பது குடிமகனின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்னும் கருத்தை அச்சமின்றி எழுதினார். அவரது எழுத்துகளுள் இன்றும் அடிக்கடி எடுத்தாளப்படுவது அது.

அதே மாதம் 26ஆம் நாள் சிகாகோ விடுதி ஒன்றின் உணவுக்கூடத்தில் ரூஸ்வெல்ட் தனியே அமர்ந்து உண்டுகொண்டிருந்தார். அவ்விடுதியில் தங்க வந்த டாஃப்ட் அதைக் கேள்வியுற்று, நேரே அம்மேசைக்குச் சென்றார். இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டனர். சுற்றியிருந்தோர் எழுந்து கைதட்டினர். ஜூலையில் ரூஸ்வெல்ட்டின் இளைய மகன் குவென்டின் பிரான்சு நாட்டு வான்போரில் மாண்டார். 1919 சனவரி 6ஆம் நாள் உறக்கத்திலேயே தந்தையின் உயிரும் பிரிந்தது. ஆய்ஸ்டர் பே இடுகாட்டில் பலரும் கலைந்து சென்ற பின்னரும் டாஃப்ட் கல்லறையருகே நின்று கண்ணீர் உகுத்தார். 1921இல் அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகி, 1930 வரை அப்பதவியில் அமர்ந்திருந்தார்.