தியாகம் கேட்காத தலைவர்: துன் சம்பந்தனும் தோட்டப் பாட்டாளியின் 10 வெள்ளியும்

பழைய நெடுஞ்சாலையும் பத்து பகாட் - குளுவாங் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர் ஆயர் ஈத்தாம். பீங்கான் கடைகளுக்குப் பேர் பெற்ற இந்தச் சந்தியைத் தாண்டினால் கண்ணில் படுவது செம்பனை. பால்மரக் காலத்தை அறிந்த பெரியவர்களிடம் துண்டாடல் என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் பெயர் துன் வீ.தி.சம்பந்தன்.

மலாயா சுதந்திரம் நெருங்கிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடியும் விற்றார்கள். 100 ஏக்கருக்குக் குறைந்தால் அது கணக்கில் தோட்டமே அல்ல, சிறுதோட்டம். நேற்று வரை அங்கே பால் வெட்டியவர்களுக்கு வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் இல்லை. ஆயாக் கொட்டகை, மருந்தகம், தமிழ்ப்பள்ளி, கோயில் என்று எல்லாமே ஆட்டம் கண்டன. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து தனி அறிக்கையே எழுதினார்.

இதில் திருட்டு எதுவும் நடக்கவில்லை. விற்றவருக்கு லாபம், தரகருக்குக் கமிஷன், வாங்கியவருக்கு நிலம். அவரவர் தம் நலனைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் மட்டும் சட்டி பானையோடு தெருவுக்கு வந்தார்கள்.

அப்படியானால் குற்றவாளி தன்னலம்தானா? சம்பந்தன் எடுத்த வழியைப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

1919 ஜூன் 16இல் பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் அவர். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து ரப்பர் நிலம் சேர்த்தவர். கோலகங்சார் கிளிபோர்டு பள்ளியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு ஊர் திரும்பிய மகனுக்கு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க எல்லா வசதியும் இருந்தது. அவர் 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். 1955இல் ம.இ.கா. தலைவரானார், அதே ஆண்டு அமைச்சரவையிலும் இடம் பெற்றார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, ஒற்றுமை என்று இலாகாக்கள் மாறின. ஆனால் தோட்டத்து மக்கள் அவரை அமைச்சராக நினைப்பதைவிட 10 வெள்ளிக்காரராக நினைப்பதே அதிகம்.

1960 மே 14இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர் 10 வெள்ளி தவணையாகக் கட்டலாம். பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அன்று அதுவே பெரிய தொகை. தோட்டம் தோட்டமாகப் போய் அவர் கேட்டது நன்கொடை அல்ல, சமுதாயத்துக்கான தியாகமும் அல்ல. உன் வேலை, உன் கூரை, உன் பிள்ளையின் பள்ளி - இவற்றைக் காக்க நீயே முதலாளியாகு என்பதுதான் அந்த அழைப்பின் சாரம். சேர்ந்த பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு மற்ற மாநிலங்களிலும் தோட்டங்கள் வந்தன.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஜொகூரில் பால் வெட்டுபவரின் 10 வெள்ளி, கெடாவில் முன்பின் பார்த்திராத ஒருவரின் வீட்டைக் காக்கிறது. இது எப்படித் தன்னலமாகும்? நாளை தன் தோட்டமும் விலைக்கு வரலாம் என்ற பயம் ஒரு பதில். பயம் மட்டும்தானா என்பது வேறு விஷயம். தன் தோட்டத்துக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தவர், மற்றவர் கட்டட்டும் என்று ஒதுங்கி நின்றிருக்கலாம். அப்படி எல்லாரும் கணக்குப் போட்டிருந்தால் ஒரு ஏக்கர்கூட வாங்கியிருக்க முடியாது.

அதே காலகட்டத்தில், 1964இல், அமெரிக்காவில் அயன் ராண்ட் என்ற எழுத்தாளர் தன்னலமே நற்பண்பு என்று வாதிடும் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டார். பிறருக்காகத் தன்னைப் பலி கொடுப்பது அறமல்ல என்பது அவர் கட்சி. யாரையும் கட்டாயப்படுத்தாமல் சேர்ந்த கூட்டுறவு என்பதால் நம் பாட்டாளிகளின் சங்கத்தில் அவருக்குக் குறை சொல்ல அதிகம் இருந்திருக்காது. ஆனால் தோட்டத்தை விற்ற கம்பெனியையும் அவரது கோட்பாட்டை வைத்துக் குறை சொல்வது கடினம். தன்னலத்தை மட்டும் அளவுகோலாக்கினால் இரண்டு பக்கமும் ஒரே எடைதான்.

சங்கத்துக்குள்ளும் இழுபறி இயல்பானது. பங்குதாரராக ஒருவருக்கு இலாப ஈவு கூட வேண்டும். அதே தோட்டத்தில் பால் வெட்டுபவராகச் சம்பளம் கூட வேண்டும். ஒரே ஆளின் இரண்டு நலன்கள். அவரவர் பங்குக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று தோன்றலாம். அதுவோ நம் கையாலேயே செய்யும் துண்டாடல். நிலம் பிரிக்கப்படாமல் சங்கத்தின் பெயரிலேயே இருந்ததால்தான் லயங்கள் நின்றன.

சம்பந்தனின் சொந்தக் கணக்கு என்ன? பதவி ஆசை அறவே இல்லாதவர் என்று சொன்னால் அது மிகை. 18 ஆண்டுகள் கட்சித் தலைமையில் இருந்தார். உட்கட்சிப் பூசல் முற்றிய பிறகுதான் 1973இல் டான் ஸ்ரீ வெ.மாணிக்கவாசகத்துக்கு வழிவிட்டார். அந்தச் சண்டையில் இரு தரப்பிலும் சுயநலம் கலந்திருந்தது.

பணத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். அரசியலுக்கு வந்தபோது தந்தை விட்டுச்சென்ற ரப்பர் நிலம் அவருக்கு ஏராளமாக இருந்தது. பொதுவாழ்வின் செலவுக்காக அது கொஞ்சம் கொஞ்சமாக விற்கப்பட்டது. மற்றவர்களைத் தங்கள் நலனைப் பார்க்கச் சொன்னவர், தம் பங்கை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தன்னலத்தால் மட்டும் இயங்கும் சங்கம் என்றால், அதைத் தொடங்கி வைக்கத் தோட்டம் தோட்டமாக அலைந்தவருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

1979 மே 18இல், 59 வயதில், அவர் காலமானார். பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கும் கோலாலம்பூரில் சங்கத்தின் கட்டடத்துக்கும் அவர் பெயர். தோட்டத்துத் தாத்தா பாட்டிகள் 10 வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பங்குகள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கைமாறி வருகின்றன.