அறிஞர் ரால்ப் பஞ்ச்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் தோன்றியவர் ரால்ப் பஞ்ச். இளமையிலேயே அன்னையை இழந்த இவரை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பாட்டி லூசி ஜான்சன் வளர்த்தார். கல்லூரிக் கட்டடங்களைத் துப்புரவு செய்து பொருளீட்டிப் பயின்று, 1927இல் முதல் மாணவராகத் தேறினார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் இடமளித்தது, செல்லப் பொருளில்லை. அந்நகரக் கறுப்பின மக்களே 1000 டாலர் திரட்டி அனுப்பி வைத்தனர். சந்தாப் புத்தகத்துடன் தெருத்தெருவாய் நடந்த நம் சங்கத்தார்க்கு அத்தொகையின் கனம் விளங்கும்.

அந்நாளில் அரசியல் விஞ்ஞானம் பெரும்பாலும் சட்டங்களையும் சாசனங்களையும் ஆராய்வதாகவே இருந்தது. பஞ்ச் அதனோடு அமையவில்லை. ஆப்பிரிக்காவில் பிரான்சு ஆண்ட டோகோலாந்து, சர்வதேச சங்கத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டது; அதனை அடுத்த டஹோமி வெறும் காலனி. ஆள்வோர் ஒருவரே, சட்டநிலை மட்டும் வேறு. எனவே, அம்மேற்பார்வையால் குடிமக்களுக்கு நன்மை விளைந்ததா என்பதை இரண்டையும் ஒப்பிட்டு அறியலாமன்றோ? ஐரோப்பாவில் ஆவணங்களைப் படித்தபின், அந்நாடுகளுக்கே சென்று கண்டார். ஆட்சிமுறையில் பெரிய வேற்றுமை ஏதுமில்லை! ஏட்டிலுள்ள பாதுகாப்பு ஊர்வரை வந்து சேரவில்லை.

இவ்வாய்வுக்காக 1934இல் டாக்டர் பட்டம் எய்தினார். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் அரசியல் விஞ்ஞானத்தில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவரே. 1945இல் ஐ.நா. சாசனத்தின் காலனி மக்கள் பற்றிய பகுதிகளை உருவாக்குவதில் பங்கேற்றார். பாலஸ்தீனத்தில் போர்நிறுத்தம் கண்டமைக்காக 1950இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார்.

1949இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அளிக்க முன்வந்த உயர்பதவியை மட்டும் ஏற்கவில்லை. தலைநகர் வாஷிங்டனின் நிறப்பாகுபாட்டின் கீழ் மீண்டும் குடும்பத்துடன் வாழ அவர் உடன்படவில்லை. 1953இல் அமெரிக்க அரசியல் விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் தலைவராக்கிற்று. 1971இல் நியூயார்க்கில் மறைந்தார்.