வாயிலைத் திறந்துவைத்த வணிகர்

கொடை என்றவுடன் பாரியையும் குமணனையும் நினைத்தல் தமிழ் கற்றார் இயல்பு. யப்பானின் யொக்கோகாமா நகரிலுள்ள சங்கேயென் பூங்காவை யான் கண்டபோது, அவ்வள்ளல்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பட்டு வணிகர் ஒருவரின் வாழ்வு என் நெஞ்சில் நிலைத்தது. அவரே ஹரா தொமித்தாரோ. சங்கே என்பது அவர் புனைபெயர்.

1868 ஆம் ஆண்டு கிஃபுப் பகுதியிற் பிறந்த இவர், தோக்கியோவிற் கல்வி கற்று, மகளிர் பள்ளியொன்றில் ஆசிரியராயினார். யொக்கோகாமாப் பட்டு வணிகர் ஹரா சென்சாபுரோவின் பேர்த்தி யசுவை மணந்து, அக்குடிப் பெயரையும் ஏற்றார். 1899 இல் அப்பெரியார் மறைய, வணிகப் பொறுப்பு முழுவதும் இவரைச் சார்ந்தது. 1902 இல் புகழ்பெற்ற தொமியோக்காப் பட்டாலையும் இவர் கைக்கு வந்தது.

ஈட்டிய பொருளைக்கொண்டு, மூன்று பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் பெயருடைய இடத்தில் இவர் பூங்கா அமைத்தார். அழியும் நிலையிலிருந்த பழங்கட்டடங்களை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொணர்ந்து, மீண்டும் எழுப்பினார். 1457 இல் எழுந்த மூன்றடுக்குக் கோபுரம் 1914 இல் இங்குக் குடியேறியது. குன்றின்மேல் அது நிற்க, அடியிலே தாமரையும் நீரும் விரிந்து கிடக்கும் காட்சியை மறத்தல் அரிது. இத்துணையும் தம் இல்லத்தைச் சூழ்ந்ததாக இருந்தும், 1906 இலேயே வெளிப்பூங்காவை ஊரார் அனைவர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டார்.

இளம் ஓவியர்க்கு இவர் புரவலராகவும் விளங்கினார். 1916 இல் இரவீந்திரநாத தாகூர் இப்பூங்காவில் விருந்தினராய்த் தங்கினார். அங்கே சிமொமுரா கன்சான் தீட்டிய குருட்டு இரவலன் ஓவியத்திற் கவிஞர் உள்ளம் தோய்ந்தது. அதனைப் படியெடுத்த அராய் கம்போ பின்னர்க் கல்கத்தா சென்று ஓவியம் பயிற்றினார். அவ்வாண்டு வெளியான தம் ஆங்கிலக் குறும்பாத் தொகுதியொன்றைத் தாகூர் ஹராவுக்கே உரிமையாக்கினார்.

1923 செப்டெம்பர் 1 ஆம் நாள் நிலம் நடுங்கிற்று. யொக்கோகாமா இடிந்தும் எரிந்தும் பாழாயிற்று. நகரின் மறுசீரமைப்புக்குத் தலைமை தாங்கிய ஹரா, தம் உயிரினும் இனிதாகப் போற்றிய கலைப்பொருட் சேகரிப்பை அன்றோடு நிறுத்தினார். பொருளும் உழைப்பும் ஊருக்கே உரியவாயின.

2004 டிசெம்பர் 26 இல் கடல் பொங்கி எங்கள் கரையூர்களை அழித்துச் சென்றபின் இடிபாடுகளிடையே நின்றவருள் யானும் ஒருவன். மண்வெட்டியை முதலில் யார் எடுப்பார் என்று ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்த அந்நாளை யான் அறிவேன். ஆதலின், ஹராவின் வாழ்விற் கோபுரத்தைக் காட்டிலும் இப்பகுதியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கலையை உண்மையாக நேசித்தவர்க்கு அதனை விடுத்தல் எளிதன்று. விடவேண்டிய வேளையை அறிந்து விட்டமையே அவர் பெருமை.

1939 இல் ஹரா மறைந்தார். போரிற் பூங்காவும் சேதமுற்றது. 1953 இல் அது பொது அறநிறுவனமொன்றின் பொறுப்பாயிற்று. குடும்பத்தார்க்கே உரியதாயிருந்த உட்பூங்காவும் 1958 இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பாரியின் பறம்பு பாட்டில் வாழ்கிறது. இவ்வணிகரின் குன்றிலோ இன்றும் மக்கள் நடமாடுகின்றனர்.