கொடி காத்த குமரன்

கொடி என்பது துணியளவில் நோக்குவார்க்குச் சில முழ ஆடையே. அதற்குப் பெருமை வருவது நிறத்தினால் அன்று. அதனைத் தாங்கி நின்றாருடைய உறுதியினாலேயாம். இவ்வுண்மைக்குத் தமிழகம் அளித்த சிறந்த சான்று திருப்பூர்க் குமரனாருடைய வாழ்க்கை.

குமரனார் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சென்னிமலையில் நெசவுக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் நாச்சிமுத்து, தாயார் கருப்பாயி. வறுமை காரணமாக ஐந்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்தித் தறியில் அமர்ந்தார். பத்தொன்பதாம் வயதில் இராமாயி அம்மையாரை மணந்தார். தறியின் வருவாய் போதாமையின் திருப்பூரை அடைந்து, பஞ்சு ஆலையொன்றிற் கணக்கெழுதும் பணியை ஏற்றார். காந்தியடிகளின் நெறியில் உள்ளம் தோய்ந்து, கதராடை பூண்டு, தேசபந்து இளைஞர் மன்றத்திற் சேர்ந்து தொண்டாற்றி வந்தார்.

அவர் வளர்ந்த ஆண்டுகளில் நாட்டின் கொடியும் உடன் வளர்ந்து வந்தது. 1906-இற் கல்கத்தாவில் மூவண்ணக் கொடியொன்று ஏற்றப்பெற்றது. 1907-இற் காமா அம்மையார் ஜெர்மனி நாட்டு ஸ்டட்கார்ட் நகரில் வேறொன்றை விரித்துக் காட்டினார். 1917-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் திலகரும் தன்னாட்சி இயக்கத்திற்கெனத் தனிக்கொடி கொண்டனர். 1921-இற் பெஜவாடாவில் ஆந்திர நாட்டுப் பிங்கலி வெங்கய்யா சிவப்பும் பச்சையுமாய் ஒரு கொடியைக் காந்தியடிகளிடம் அளித்தார். அடிகள் விருப்பப்படி வெண்மையும் இராட்டையும் அதிற் சேர்ந்தன. அந்நிறங்களுக்குச் சமயப் பொருள் கூறுதலால் வேற்றுமை விளைந்தமையின், 1931 ஆகஸ்டில் காங்கிரஸ் காவியும் வெண்மையும் பச்சையும் நடுவே இராட்டையும் கொண்ட கொடியை ஏற்று, நிறங்கள் எச்சமயத்தையும் குறிப்பன அல்ல என்று தெளிவுபடுத்திற்று.

அக்கொடிக்கு அன்று அரசும் இல்லை, படையும் இல்லை. 1932 ஜனவரி 4-ஆம் நாள் காந்தியடிகள் சிறைப்பட்டார். நாடெங்கும் அடக்குமுறை மிகுந்தது. ஜனவரி 10-ஆம் நாள், தடையை மீறித் திருப்பூர் வீதியில் தொண்டர் சிலர் பி. எஸ். சுந்தரம் தலைமையிற் கொடியேந்தி அணிவகுத்துச் சென்றனர். காவலர் தடிகொண்டு தாக்கினர். குமரனார் தலையிற் பேரடி பட்டு வீழ்ந்தார்; வீழ்ந்தும் கைப்பற்றிய கொடியை விட்டாரிலர். மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. இளம் மனைவியார் கைம்மை எய்தினார்.

பதினைந்தாண்டு கழித்து, 1947 ஜூலை 22-ஆம் நாள், அரசியல் நிர்ணய சபை அம்மூவண்ணத்தையே நாட்டுக் கொடியாக ஏற்றது. இராட்டை நின்ற இடத்தில் இருபத்துநான்கு ஆரங்களையுடைய அசோகச் சக்கரம் அமைந்தது. குமரனாரின் நூற்றாண்டில், 2004-இல், அஞ்சல்தலை வெளிவந்தது. நெடுங்காலம் கையால் நூற்று நெய்த துணியே கொடிக்கு உரியதாக இருந்தது; 2021-இல் விதி மாறி, இயந்திரத்தில் நெய்ததும் பாலியஸ்டரும் இடம்பெற்றன.

இயந்திரங்கள் ஓயாது இயங்கும் நம் பென்னலூர்ப் பக்கத்தில் இம்மாற்றம் வியப்பன்று. கொடியின் துணி மாறலாம், சின்னம் மாறலாம். முன்னும் மாறியே வந்துள்ளன. ஆயினும் மாணவர்களே, விழாநாளிற் கொடியை ஏற்றி வணங்கி, மறுநாள் அது வீதியிற் கிடக்கக் கண்டும் கடந்து செல்வோமாயின், அத்தறியாளர் உயிர் கொடுத்துக் காத்ததை நாம் காத்தவராகோம்.